புயல் நேரத்தில் செல்போன் கைவிட்டால்..? தூரத்து ஏ.எம். நிலையத்தைப் பிடிக்க எந்த ரேடியோ, எந்த ஆன்டெனா?

2018 நவம்பர் 16, அதிகாலை. கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. டெல்டா மாவட்டங்களில் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்பிவர வாரக்கணக்கில் ஆனது. செல்போன் சிக்னல் இல்லை. சிக்னல் இருந்த இடத்தில் போனில் சார்ஜ் இல்லை.

அந்த மாதிரி ஒரு இரவில், வெளியே என்ன நடக்கிறது என்பதை வீட்டுக்குள் கொண்டுவரக்கூடிய பொருள் ஒன்று உண்டு. நம் தாத்தா, பாட்டி தலைமாட்டில் வைத்திருந்த பேட்டரி ரேடியோதான் அது. "அதான் போன்லயே ஆப் இருக்கே, ரேடியோ எதுக்கு?" என்று கேட்கலாம். ஆகாஷ்வாணியின் பல நிலையங்கள் ஆப்பில் கிடைப்பது உண்மைதான். ஆனால், இணையம் இருந்தால்தானே ஆப்?

"சரி, ஒரு ரேடியோ வாங்கிடலாம்" என்று ஆன்லைனில் தேடினால், நூற்றுக்கணக்கில் வந்து நிற்கின்றன. எல்லாவற்றிலும் 'ஏ.எம். / எஃப்.எம். / எஸ்.டபிள்யூ' என்று எழுதியிருக்கிறது. எல்லாவற்றிலும் நீளமான கம்பி ஆன்டெனா. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தூரத்து ஏ.எம். நிலையத்தைப் பிடிப்பதில் அந்தக் கம்பிக்கு வேலையே இல்லை. எதைப் பார்த்து வாங்க வேண்டும்? ஆன்டெனா தனியாகத் தேவையா? வாங்கியதை எப்படிப் பயன்படுத்துவது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எஃப்.எம். இருக்கும்போது ஏ.எம். எதற்கு?

எஃப்.எம். அலையின் நீளம் சுமார் 3 மீட்டர். அது ஏறக்குறைய பார்வைக் கோட்டில்தான் பயணிக்கும். கோபுரம் உங்கள் தொடுவானத்துக்கு அப்பால் போய்விட்டால் சிக்னலும் போய்விடும். அதனால், உங்கள் ஊரில் கேட்கும் எஃப்.எம். நிலையம் பெரும்பாலும் உங்கள் மாவட்டத்திலோ பக்கத்து மாவட்டத்திலோதான் இருக்கும். புயல் உங்களைத் தாக்கும்போது அந்தக் கோபுரத்தையும் சேர்த்துத்தான் தாக்கும்.

ஏ.எம். என்று நாம் பொதுவாகச் சொல்வது மத்திய அலை. ரேடியோவில் 'எம்.டபிள்யூ' என்றும் போட்டிருப்பார்கள். சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் 416.7 மீட்டர். "மத்திய அலை 416.7 மீட்டர், அதாவது 720 கிலோஹெர்ட்ஸ்" என்ற அறிவிப்பைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த எண் மனப்பாடமாகவே இருக்கும். இவ்வளவு நீளமான அலை, பூமியின் வளைவை ஒட்டியே ஊர்ந்து போகும். சக்தி வாய்ந்த ஒலிபரப்பி என்றால், பகலிலேயே 200, 300 கிலோமீட்டர் தாண்டிக் கேட்கும். அதாவது, புயல் தாக்காத ஊரில் இருக்கும் நிலையத்தை, புயல் தாக்கிய ஊரில் இருந்து கேட்க முடியும். 'தூரத்து நிலையம்' என்பது வெறும் பொழுதுபோக்கு விஷயம் இல்லை என்பதற்கு இதுதான் காரணம்.

கடலில் இது இன்னும் கூடுதல். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். காய்ந்த நிலம் கடத்தாது. அதனால் தரையில் தேய்ந்துபோகும் மத்திய அலை, கடல் மேல் வெகுதூரம் போகும். ராமேஸ்வரம், தூத்துக்குடி, கன்னியாகுமரி பக்கம் இலங்கை வானொலி உள்ளூர் நிலையம் போலக் கேட்டதற்கு இதுவும் ஒரு காரணம். கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீத் குரல்கள் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் வந்ததில் அறிவிப்பாளர்களின் திறமையோடு உப்புத் தண்ணீருக்கும் பங்கு உண்டு.

ராத்திரி மட்டும் எங்கெங்கோ இருந்து கேட்குதே, ஏன்?

பகலில் சூரிய ஒளியால் வானத்தில் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் மின்னூட்டம் பெற்ற ஒரு அடுக்கு உருவாகிறது. 'டி அடுக்கு' என்று பெயர். மேலே போகும் மத்திய அலையை இது விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும் இந்த அடுக்கு கலைந்துவிடும். அப்போது அலைகள் அதற்கும் மேலே இருக்கும் அடுக்குகள் வரை போய், கண்ணாடியில் பட்டதுபோலத் திரும்பி, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலும் வந்து இறங்கும். பெங்களூரு 612, ஹைதராபாத் 738, விஜயவாடா 837 என்று இரவில் முள்ளைத் திருப்பத் திருப்ப ஊர்கள் வருவதற்கு இதுதான் காரணம்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. நிலையத்தில் இருந்து நடுத்தர தூரத்தில், சுமார் 100 முதல் 200 கிலோமீட்டரில் இருப்பவருக்கு, இரவில் தரை வழியாக வரும் அலையும் வானத்தில் பட்டு வரும் அலையும் ஒரே நேரத்தில் வந்து சேரும். இரண்டும் ஒன்றோடொன்று மோதினால், குரல் குழறும். எழும்பி எழும்பி அடங்கும். "பகல்ல நல்லா கேட்டுச்சு, ராத்திரி ஆனா சரியில்ல" என்று ரேடியோவைத் தட்டுபவர்கள் கவனிக்க: கோளாறு ரேடியோவில் இல்லை.

ஆகவே, ரேடியோவைப் பகலில் ஒரு முறை, இரவில் ஒரு முறை என்று இரண்டு வேளையும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

கம்பி ஆன்டெனாவுக்கு வேலை இல்லைன்னா, எதுக்குத்தான் வேலை?

ரேடியோவின் முதுகைத் திறந்து பார்த்தால், செப்புக் கம்பி சுற்றிய ஒரு கறுப்புக் குச்சி தெரியும். அதுதான் ஃபெரைட் ராடு. மத்திய அலைக்கான ஆன்டெனா இதுதான். வெளியே நீட்டும் கம்பி, எஃப்.எம்.முக்கும் சிற்றலைக்கும்தான்.

தூரத்து நிலையத்துக்கு ரேடியோ வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இந்த ராடின் நீளத்தை. ராடு எவ்வளவு நீளமோ, அவ்வளவு சிக்னல். சட்டைப் பைக்குள் அடங்கும் ரேடியோவில் ராடு விரல் நீளம்தான் இருக்கும். கைப்பிடி வைத்த அகலமான ரேடியோவில் ஒரு சாண் வரை இருக்கலாம். கடையில் யாரும் முதுகைத் திறந்து காட்ட மாட்டார்கள். அதனால் எளிய கணக்கு இது: ரேடியோவின் அகலத்தைவிட ராடு நீளமாக இருக்க முடியாது. பெட்டி சிறியது என்றால், உள்ளே எவ்வளவு 'டிஜிட்டல்' இருந்தாலும் ராடும் சிறியதுதான்.

பழைய ரேடியோ ரசிகர்கள் இன்றும் தேடி வாங்கும் ஜி.இ. சூப்பர் ரேடியோவின் பலம் அதற்குள் இருந்த நீளமான ராடு. 1970-களில் வந்த பானாசோனிக் ஆர்.எஃப்.-2200 மாடலில், ராடை ரேடியோவின் தலையில் தனியாக வைத்து, அதை மட்டும் சுழற்றும்படி செய்திருந்தார்கள். அவ்வளவு முக்கியம் இந்தக் குச்சி.

வாங்கும் முன் பார்க்க வேண்டிய 6 விஷயங்கள்

1. 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி: டிஜிட்டல் ரேடியோ வாங்குபவர்கள் அதிகம் கோட்டை விடும் இடம் இதுதான். இந்தியாவிலும் இலங்கையிலும் மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்திருக்கின்றன. அமெரிக்காவில் 10. அமெரிக்க அமைப்பில் வரும் ரேடியோ, 930-இல் இருந்து நேராக 940-க்குத் தாவும். திருச்சி 936-இல் இருக்கிறது, நடுவில் மாட்டிக்கொள்ளும். ஆனால் சென்னை 720, இரண்டு கணக்கிலும் வரும் எண். அதனால் "சென்னை கேட்குது, திருச்சி கேட்கல, ரேடியோ ரிப்பேர்" என்று திருப்பி அனுப்பியவர்கள் இருக்கலாம். பெரும்பாலான மாடல்களில் 9/10 மாற்றும் வசதி இருக்கும். வாங்கும் முன் அதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒரு குட்டிக் கணக்கு: நம் பகுதியின் மத்திய அலை எண் எதுவானாலும் அதன் இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள். 720 என்றால் 9; 936 என்றால் 18; 1053 என்றால் 9. எப்போதும் 9-ஆல் வகுபடும். வகுபடவில்லை என்றால், நீங்கள் கேட்பது நிலையத்தின் நடுப்புள்ளி இல்லை, ஓரம்.

2. பிரித்தெடுக்கும் திறன்: பலவீனமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே பலமான நிலையம் இருந்தால், மலிவான ரேடியோவில் இரண்டும் ஒன்றாகக் கேட்கும். நல்ல டிஜிட்டல் ரேடியோக்களில் 'பேண்ட்வித்' என்ற பொத்தான் இருக்கும். 6, 4, 3, 2 கிலோஹெர்ட்ஸ் என்ற ரீதியில் குறைத்துக்கொண்டே போகலாம். குறைக்கக் குறைக்கப் பக்கத்து நிலையத்தின் தொல்லை விலகும். குரல் கொஞ்சம் மந்தமாகும். பாட்டு கேட்க அகலம். செய்தி கேட்க குறுகல். இவ்வளவுதான் சூத்திரம்.

3. முள்ளா, எண்ணா? சக்கரம் திருப்பும் ரேடியோ மலிவு, பேட்டரி குறைவாகச் சாப்பிடும், பெரியவர்களுக்குப் பழகியது. ஆனால் 1053-ஐயும் 1062-ஐயும் முள்ளை வைத்துப் பிரிப்பது கஷ்டம். எண் காட்டும் ரேடியோவில் நேராக எண்ணை அழுத்தலாம். நினைவில் சேமித்தும் வைக்கலாம். மின்சாரம் போன இருட்டில் வீட்டில் யாராலும் ஒரே பொத்தானில் நிலையத்தைப் பிடிக்க முடியும் என்பது சின்ன விஷயம் இல்லை.

4. பேட்டரி: அவசரத்துக்கு வாங்குகிறீர்கள் என்றால், பெட்டிக்கடையில் கிடைக்கும் செல் போடும் ரேடியோவையே தேர்ந்தெடுங்கள். பென்சில் செல், அல்லது டார்ச் லைட்டில் போடும் பெரிய செல். உள்ளேயே பொருத்தப்பட்ட, சார்ஜ் மட்டுமே செய்யக்கூடிய பேட்டரி என்றால், மூன்றாம் நாள் அது செல்போனின் நிலைமைக்கு வந்துவிடும். பழைய நோக்கியா பேட்டரி போடும் சிறிய ரேடியோக்கள் இப்போது நிறைய வருகின்றன. அதை வாங்கினால் இன்னொரு பேட்டரியைச் சார்ஜ் போட்டு வைத்துக்கொள்வது நல்லது.

5. பலமான சிக்னலைத் தாங்கும் திறன்: ஒலிபரப்புக் கோபுரத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இது முக்கியம். பக்கத்தில் இருக்கும் நிலையம், டயலில் பல இடங்களில் தலைகாட்டினால், ரேடியோ திணறுகிறது என்று அர்த்தம். 'லோக்கல் / டிஎக்ஸ்' ஸ்விட்ச் இருந்தால் கைகொடுக்கும்.

6. 'சிங்க்' வசதி: இரவில் எழும்பி அடங்கும் சிக்னலில் குரல் குழறாமல் இருக்க, சில ரேடியோக்களில் 'சிங்க்ரனஸ் டிடெக்‌ஷன்' இருக்கும். சோனி ஐ.சி.எஃப்.-எஸ்.டபிள்யூ.7600ஜி.ஆர். மாடல் இதற்குப் பெயர் போனது. இப்போது பழைய சந்தையில்தான் கிடைக்கும். டெக்சன் நிறுவனத்தின் பி.எல்.-330, பி.எல்.-990 ஆகியவற்றிலும் இது உண்டு. டெக்சன் பி.எல்.-380, எக்ஸ்.எச்.டேட்டா டி-808 போன்றவை பேண்ட்வித் மாற்றும் வசதியுள்ள, கைக்கு அடக்கமான மாடல்கள். செய்தி கேட்டால் போதும் என்பவருக்கு 'சிங்க்' கட்டாயம் இல்லை.

சுருக்கமாக: வீட்டு அவசரத்துக்கு என்றால், செல் போடும், அகலமான, சாதாரண ரேடியோவே போதும். இரவில் தூரத்து ஊர்களைத் தேடிப் பிடிக்கும் ஆசை இருந்தால் மட்டும் பேண்ட்வித், 'சிங்க்' என்று செலவழிக்கலாம்.

திருப்பினாலே பாதி வேலை முடிஞ்சுது

புது ஆன்டெனா வாங்கும் முன், கையில் இருக்கும் ரேடியோவைத் திருப்பிப் பாருங்கள். ஃபெரைட் ராடுக்குத் திசை உண்டு. ராடின் பக்கவாட்டு நிலையத்தைப் பார்த்தால் சிக்னல் அதிகம். ராடின் முனை நிலையத்தைப் பார்த்தால் சிக்னல் கிட்டத்தட்ட காணாமல் போகும்.

உதாரணத்துக்கு நாகப்பட்டினத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கிருந்து திருச்சி நேர் மேற்கே. சென்னை ஏறக்குறைய நேர் வடக்கே. சாதாரணமாக ராடு, ரேடியோவின் நீளவாக்கில் படுத்திருக்கும். திருச்சியைக் கேட்க, ரேடியோவின் முகம் மேற்கையோ கிழக்கையோ பார்க்க வேண்டும். சென்னைக்கு, அப்படியே கால்வட்டம் திருப்பி வடக்கையோ தெற்கையோ பார்க்க வைக்க வேண்டும். ரேடியோவை ஒரே இடத்தில் ஒரே கோணத்தில் வைத்துவிட்டு "இந்த ஊர்ல அது எடுக்காது" என்று முடிவு கட்டுவதில் அர்த்தமில்லை.

இன்னொரு நுணுக்கம்: அதிகம் கேட்கும் திசை அகலமானது, கொஞ்சம் விலகினாலும் வித்தியாசம் தெரியாது. ஆனால் கேட்காமல் போகும் திசை கத்தி முனைபோலக் கூர்மையானது. அதனால் அனுபவசாலிகள் நிலையத்தை நோக்கித் திருப்புவதைவிட, தொல்லையை அணைக்கத்தான் திருப்புவார்கள். பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரின் இரைச்சல் தெற்கில் இருந்து வருகிறது என்றால், ராடின் முனையைத் தெற்கே காட்டினால் போதும். இரைச்சல் விழுந்துவிடும், பலவீனமான குரல் மேலே வரும்.

வீட்டுக்குள்ள ஒரே இரைச்சலா இருக்கே?

இன்று ஏ.எம். கேட்பதற்கு முதல் எதிரி தூரம் அல்ல; வீட்டுக்குள் இருக்கும் மின்சாதனங்கள்தான். மலிவான எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர், வைஃபை பெட்டியின் அடாப்டர், செட்டாப் பாக்ஸ், ஃபேன் ரெகுலேட்டர் என்று எல்லாமே மத்திய அலையில் 'கர்ர்ர்' என்று இரைச்சல் போடக்கூடியவை.

கண்டுபிடிக்க எளிய வழி: ரேடியோவில் செல் போட்டு, நிலையம் இல்லாத இடத்தில் வைத்து, வீட்டின் மெயின் ஸ்விட்சை அணையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும். இரைச்சல் சட்டென்று குறைந்தால், திருடன் வீட்டுக்குள்தான் இருக்கிறான். பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். ரேடியோவையே கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பிளக் பாயின்ட் பக்கமாக நடந்தாலும் ஆள் சிக்குவான்.

இன்னொன்று, இப்போதைய கான்கிரீட் வீடுகளின் கம்பிகள் அலையைத் தடுக்கும். நடு அறையில் கேட்காதது ஜன்னல் ஓரத்தில் கேட்கும். மொட்டை மாடியில் இன்னும் நன்றாகக் கேட்கும். சார்ஜரில் செருகியபடி ரேடியோ கேட்பதையும் தவிர்க்க வேண்டும். சார்ஜரின் இரைச்சல் கம்பி வழியாக நேராக உள்ளே வரும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஊர் முழுக்க மின்சாரம் போய்விட்டால், இந்த இரைச்சல்களும் சேர்ந்தே போய்விடும். சாதாரண நாளில் கேட்காத நிலையம், இருட்டான இரவில் தெளிவாகக் கேட்கும். ஏ.எம். ரேடியோ மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் மிக நன்றாக வேலை செய்கிறது. மின்னலின் 'படபட' சத்தம் மட்டும் குறுக்கே வரும். அதைத் தவிர்க்க வழியில்லை.

தனி ஆன்டெனா: வளையமா, கம்பியா?

திருப்பியும், இடம் மாற்றியும் போதவில்லை என்றால், அடுத்தது லூப் ஆன்டெனா. ஒரு சட்டத்தில் கம்பியைச் சுற்றி, ஒரு கண்டன்சரை இணைத்தால் அதுதான் லூப். டெக்சன் ஏ.என்.-200 இந்த வகையில் கடையில் கிடைக்கும் ஒரு மாடல். இதற்கு மின்சாரம் வேண்டாம். ரேடியோவோடு கம்பி இணைப்பும் வேண்டாம். பக்கத்தில் வைத்து, அதன் குமிழைத் திருப்பினால், குறிப்பிட்ட ஒரு இடத்தில் நிலையம் திடீரென்று எழும்பும். லூப் சேகரித்த சிக்னல், காந்தப்புலம் வழியாகவே ரேடியோவின் ராடுக்குள் போய்விடுகிறது.

வீட்டிலேயே செய்துகொள்ளவும் முடியும். தேவையானவை: 60 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரம் கிடைக்கும்படி ஒரு மரச் சிலுவைச் சட்டம், சுமார் 34 மீட்டர் சாதாரண இன்சுலேட்டட் கம்பி, பழைய ரேடியோவில் இருந்து எடுத்த ஒரு கேங் கண்டன்சர். 365 பிகோஃபாரட் அளவுள்ளது என்றால், கம்பியை 14 சுற்று, சுற்றுக்குச் சுற்று அரை சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக இடைவெளி விட்டுச் சுற்றி, இரண்டு முனைகளையும் கண்டன்சரில் இணைத்தால் வேலை முடிந்தது. டயலின் மேல்முனை, அதாவது 1500-க்கு மேல் எட்டவில்லை என்றால், ஒரு சுற்றைக் குறைக்கலாம். கீழ்முனை எட்டவில்லை என்றால், ஒரு சுற்றைக் கூட்டலாம். பழைய கேங் கண்டன்சர் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களிலும், ஊர்ப் பக்கத்துப் பழைய ரேடியோ மெக்கானிக்குகளின் டப்பாக்களிலும் தேடிப் பார்க்கலாம்.

வைக்கும் முறை முக்கியம். லூப்பின் விளிம்பு நிலையத்தைப் பார்க்க வேண்டும். ரேடியோவின் ராடு, லூப்பின் தட்டையான முகத்துக்குச் செங்குத்தாக, லூப்புக்குள் குத்துவதுபோல இருக்க வேண்டும். குறுக்காக வைத்தால் ஒன்றும் நடக்காது. "வேஸ்ட்டாப் போச்சு" என்று தூக்கி எறிந்துவிட வேண்டாம், திருப்பி வைத்துப் பாருங்கள்.

நீளமான கம்பியை மாடியில் இருந்து தென்னைமரத்துக்குக் கட்டுவது பழைய பழக்கம். 20, 30 மீட்டர் கம்பியின் முனையை ரேடியோவின் மேல் நாலைந்து சுற்று சுற்றினாலே சிக்னல் ஏறும். ஆனால் இதில் இரண்டு ஆபத்து. ஒன்று, கம்பி எல்லாத் திசையில் இருந்தும் இரைச்சலையும் சேர்த்தே கொண்டுவரும். சிறிய ரேடியோ திணறிவிடும். இரண்டாவது, மின்னல். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் வெளியே கம்பி கட்டி வீட்டுக்குள் கொண்டுவருவது உயிரோடு விளையாடுவது. இடி கேட்டதும் கழற்றலாம் என்று காத்திருக்கக் கூடாது; வானம் கறுக்கும்போதே கழற்றி வெளியே போட்டுவிட வேண்டும். மின்கம்பிக்கு அருகிலோ குறுக்காகவோ எந்தக் கம்பியையும் கட்டவே கூடாது. புயல் காலத்துக்காக ரேடியோ வாங்குபவர்களுக்கு லூப்தான் சரி. அது வீட்டுக்குள்ளேயே இருக்கும்.

கடலுக்குப் போறவங்களுக்கு..?

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் உருவானபோது, கன்னியாகுமரி மாவட்ட மீனவர்கள் பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தனர். பல நாள் தங்கி மீன்பிடிக்கப் போனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. செல்போன் சிக்னல் கரையை விட்டுச் சில மைல்களிலேயே நின்றுவிடும். பாம்பனில் மீனவர்களுக்காகவே இயங்கும் 'கடல் ஓசை' 90.4 போன்ற சமுதாய வானொலிகளும் எஃப்.எம். என்பதால் கரையோரத்துக்குத்தான் எட்டும்.

அதற்கு அப்பால் சாதாரண ரேடியோவில் கேட்கக்கூடியது மத்திய அலைதான். தூத்துக்குடியின் 1053 கிலோஹெர்ட்ஸ் 200 கிலோவாட் ஒலிபரப்பி. அதன் முன்னே விரிவது கடல். படகில் கேட்பவர்கள் கவனிக்க வேண்டியது: இரும்புப் படகின் அறைக்குள் அலை நுழையாது, ரேடியோவைத் தளத்துக்கு எடுத்து வர வேண்டும். இன்ஜினின் ஆல்டர்னேட்டர் இரைச்சல் போட்டால், செய்தி நேரத்தில் அதைவிட்டு எட்டத்தில் வைத்துக் கேட்கலாம். உப்புக்காற்று செல் முனைகளை அரிக்கும். பிளாஸ்டிக் பையில் சுற்றி வைக்கலாம்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். ரேடியோ கேட்க மட்டுமே முடியும். உதவி கேட்டுக் கூப்பிட முடியாது. வி.எச்.எஃப். கருவிக்கோ, டிரான்ஸ்பாண்டருக்கோ, 2019-இல் அறிமுகமான, செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை தரும் 'ஜெமினி' கருவிக்கோ இது மாற்று இல்லை. எல்லாவற்றோடும் கூடுதலாக ஒன்று, அவ்வளவுதான்.

வாங்கும் முன் ஒரு எச்சரிக்கை

நாடு முழுவதும் ஆகாஷ்வாணியின் மத்திய அலை ஒலிபரப்பிகள் படிப்படியாக மூடப்பட்டு, எஃப்.எம்.முக்கு மாற்றப்பட்டு வருகின்றன. சில இடங்களில் டி.ஆர்.எம். என்ற டிஜிட்டல் முறை வந்திருக்கிறது. அது சாதாரண ரேடியோவில் வெறும் 'ஸ்ஸ்ஸ்' என்றுதான் கேட்கும். அதற்குத் தனி ரிசீவர் வேண்டும். மத்திய அலையை நடத்த பெரிய நிலம், உயரமான கோபுரம், ஏராளமான மின்சாரம் தேவை என்பதும், நகரங்களில் கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள் என்பதும் மூடுவதற்கான காரணங்கள். ஆனால் கஜா போன்ற ஒரு இரவில், எஃப்.எம். எட்டாத தூரத்தில் இருப்பவருக்கு அந்தக் கணக்கு வேறு மாதிரி தெரியும்.

ஆகவே, காசு கொடுக்கும் முன், தெரிந்தவர் வீட்டு ரேடியோவை ஒரு நாள் கடன் வாங்குங்கள். உங்கள் வீட்டு மாடியில், மதியம் ஒரு முறை, இரவு 9 மணிக்கு ஒரு முறை, இந்த எண்களைத் தேடிப் பாருங்கள்:

சென்னை - 720
திருச்சி - 936
கோவை - 999
தூத்துக்குடி - 1053
திருநெல்வேலி - 1197
புதுச்சேரி - 1215
மதுரை - 1269

பகலில் இரண்டு நிலையமாவது, அதுவும் உங்கள் மாவட்டத்துக்கு வெளியே இருந்து, புரியும்படி கேட்டால், ரேடியோ வாங்குவதில் பயன் உண்டு. எது எந்தத் திசையில் நன்றாகக் கேட்கிறது என்பதை ஒரு சீட்டில் எழுதி, ரேடியோவின் முதுகிலேயே ஒட்டிவிடுங்கள். இருட்டில் தேட வேண்டியிருக்காது.

கடைசியாக ஒன்று. வாங்கிய ரேடியோவை அலமாரியில் வைக்கும்போது செல்லைக் கழற்றி வையுங்கள். உள்ளேயே விட்டால், ஒழுகி, தேவைப்படும் நாளில் ரேடியோ செத்துக் கிடக்கும். ஒவ்வொரு ஆண்டும் அக்டோபரில், மழை தொடங்கும் முன் ஒரு நாள், புது செல் போட்டு, வீட்டில் உள்ள எல்லோரையும் ஒரு முறை நிலையம் பிடிக்கச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலைதான்.